எந்தப் பேப்பரில் போட்டிருக்கிறது?



கிருஷ்ணன்கோவிலிலிருந்து வத்திராயிருப்புக்குச் செல்லும் சாலையில் அமைந்த சுந்தரபாண்டியத்தில், காலை வேளையில் டீக்கடைப் பலகையில் அமர்ந்து பத்திரிகை படிக்கும் வழக்கம் இன்னும் முற்றாக மறைந்துவிடவில்லை. ஒரு நாளேட்டை நான்கு தாள்களாகப் பிரித்து நால்வர் படிப்பர். முதல் தாள் கைக்குக் கிடைத்தவர் உரக்கப் படிப்பார். தேநீருக்குக் காத்திருப்பவர்கள் கேட்டுக்கொண்டிருப்பர். வெளியூரிலிருந்து ஒருவர் புதிய செய்தி ஏதேனும் கொண்டு வந்தால் அங்கே எவரும், "அது மெய்தானா?" என்று கேட்பதில்லை. "எந்தப் பேப்பர்ல போட்டிருக்கு, பாய்?" என்றுதான் கேட்பர். பேப்பரின் பெயரைச் சொன்னவுடன் ஒருவர் தலையசைப்பார்; மற்றொருவர் சிரிப்பார். செய்தியைப் பற்றிய விசாரணை அத்துடன் முடிந்துவிடும்.

இதனை வாசகரின் விழிப்புணர்வு என்று பாராட்டுவோர் உண்டு. நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. பத்திரிகைகள் பல்லாண்டுகளாக விதைத்ததன் அறுவடையே இக்கேள்வி. சாதாரண நாள்களில் இதனால் பெரிய நட்டம் எதுவுமில்லை. தலைவர் ஒருவரின் கூட்டத்துக்கு ஒரு லட்சம் பேர் வந்தனர் என்று ஓர் ஏடும், பத்தாயிரம் பேர் என்று மற்றோர் ஏடும் எழுதினால், படிப்பவர் இரண்டையும் கூட்டிப் பாதியாக்கிக் கொள்வார். போர்க்காலத்தில் அந்தக் கணக்கு செல்லாது. அங்கே கூட்டிப் பாதியாக்கப்படுவது மனித உயிர்கள். இவ்விதழில் அதைப்பற்றியே எழுத எண்ணுகிறோம்.

நம் முன்னோருக்கு இந்த அனுபவம் புதிதன்று. இரண்டாம் உலகப் போரின்போது தென்மாவட்டத்து முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றின் ஆண்மக்கள் மலாயாவிலும் பர்மாவிலும் சிங்கப்பூரிலும் தொழில் செய்து கொண்டிருந்தனர். சிங்கப்பூர் அசைக்க முடியாத கோட்டை என்றே அதிகாரபூர்வச் செய்திகள் கூறிவந்தன. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் அக்கோட்டை வீழ்ந்தது. மார்ச் மாதம் ரங்கூன் வீழ்ந்தது. மணியார்டரும் கடிதமும் நின்றுபோயின. ஏப்ரல் 6ஆம் நாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தபின், சென்னை மக்கள் மூட்டை முடிச்சுகளோடு உள்நாட்டுக்கு ஓடத் தொடங்கினர். அன்று தணிக்கை இருந்தது. இந்தியப் பாதுகாப்பு விதிகள் இருந்தன. எதிரி நாட்டு வானொலியின் செய்தியைப் பரப்புவது குற்றமாகவும் இருந்தது. அப்படியிருந்தும், வானொலிப் பெட்டி உள்ள வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டு பெர்லினையும் டோக்கியோவையும் கேட்டனர். பெர்லின் மெய் சொல்லும் என்று அவர்கள் நம்பியதாகக் கொள்வதற்கில்லை. உள்ளூர்ச் செய்தி எதை மறைக்கும் என்பதை அவர்கள் முன்கூட்டியே அறிந்திருந்தனர், அவ்வளவுதான்.

இந்த இடத்தைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். ஒரு பத்திரிகை பொய் எழுதியது என்று கண்டுபிடிப்பதால் மட்டும் அதன்மீதுள்ள நம்பிக்கை போய்விடுவதில்லை. பொய்யை மன்னிக்கும் வாசகர்கள் ஏராளம். அந்த ஏடு எதை எழுதாது என்பதைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே வாசகர் அறிந்துகொள்ளும் நாளில்தான் நம்பிக்கை போகிறது. அதன்பின் அந்த ஏடு மெய்யையே எழுதினாலும் அது கட்சிச் செய்தியாகவே படிக்கப்படும்.

இனி, நம் காலத்துக்கு வருவோம். தமிழ்நாட்டு வாசகர் தம் கண்ணெதிரே கண்ட போர் இலங்கைப் போர்தான். ராமேசுவரத்துக்குப் படகில் வந்திறங்கியவர்கள் நம் மாவட்டத்திலேயே குல்லூர்சந்தையிலும், ராஜபாளையத்தை அடுத்த மொட்டமலையிலும் முகாம்களில் வாழ்ந்து வருகின்றனர். ஆகவே இந்தப் போரைப் பற்றிய செய்தி நமக்கு வெளிநாட்டுச் செய்தியாக என்றுமே இருந்ததில்லை.

1987 ஜூலை 29ஆம் நாள் ராஜீவ்–ஜெயவர்த்தனா ஒப்பந்தம் கையெழுத்தாகி, இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணம் சென்றது. அக்டோபரில் அப்படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர் மூண்டது. அவ்வேளையில் நடைபெற்ற முதற்காரியங்களுள் ஒன்று, யாழ்ப்பாணத்தில் 'ஈழமுரசு', 'முரசொலி' ஆகிய நாளேடுகளின் அச்சகங்கள் அக்டோபர் 10ஆம் நாள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டதாகும். (இம்முரசொலி யாழ்ப்பாணத்தது, சென்னையில் வெளியாகும் தி.மு.க. நாளேடு வேறு.) அதே மாதம் யாழ்ப்பாணம் பொது மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் செவிலியரும் சுட்டுக்கொல்லப்பட்டனர். தூர்தர்ஷன் ஒன்றே தொலைக்காட்சியாக இருந்த அக்காலத்தில் நமக்குக் கிடைத்தது படைத்தரப்பின் கூற்று. படகில் வந்தவர்கள் சொன்னது வேறு. இரண்டுக்கும் நடுவே நின்று விசாரித்து எழுதியவர் மிகச் சிலர். எழுதியவர்களும் எந்தக் கட்சிக்காரர் என்ற கேள்விக்கு முதலில் விடை சொல்ல வேண்டியிருந்தது.

1990 மார்ச் மாதம் அப்படை திரும்பியபோது, சென்னைத் துறைமுகத்தில் வரவேற்கச் செல்வதில்லை என்று அன்றைய முதலமைச்சர் கலைஞர் கருணாநிதி முடிவு செய்தார். ஏறத்தாழ 1,200 வீரர்களை இழந்து திரும்பிய படை அது. ஒரு பகுதி ஏடுகள் இதைத் தேசத்துரோகம் என்றன. மற்றொரு பகுதி தமிழ்மானம் என்றன. யாழ்ப்பாணத்தில் உண்மையில் என்ன நடந்தது என்ற கேள்வி இவ்விரண்டு சொற்களுக்கு இடையே நசுங்கிப் போயிற்று.

ஆயினும் 2009ஆம் ஆண்டுதான் இந்த வரலாற்றின் கசப்பான அத்தியாயம். அதை விரிவாகவே எண்ணிப் பார்க்க வேண்டும்.

2008 செப்டம்பரில் ஐ.நா. அமைப்புகளை வன்னியை விட்டு வெளியேறுமாறு இலங்கை அரசு பணித்தது. சுதந்திரமான நிருபர்கள் போர்ப்பகுதிக்குள் விடப்படவில்லை. வெளியுலகுக்குச் செய்தி சொல்லக்கூடியவர்களாக எஞ்சியிருந்தோர் அங்கேயே தங்கிவிட்ட ஒரு சில அரசு மருத்துவர்களும், புலிகள் தரப்பும், படைத்தரப்புமே. 2009 ஜனவரி 8ஆம் நாள் கொழும்பில் 'சண்டே லீடர்' ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க பட்டப்பகலில் கொல்லப்பட்டார். அரசையும் புலிகளையும் ஒருங்கே கண்டித்து எழுதிய சிங்களப் பத்திரிகையாளர் அவர். தம் மரணத்தை எதிர்பார்த்து முன்னரே எழுதி வைத்திருந்த தலையங்கம் மூன்று நாள் கழித்து அச்சாயிற்று. பிப்ரவரியில் பி.பி.சி. நிறுவனம், தன் ஒலிபரப்பில் தொடர்ந்து குறுக்கீடு செய்யப்படுகிறது என்று கூறி, இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்துக்குச் செய்தி அளிப்பதை நிறுத்திக்கொண்டது. விளக்குகள் ஒவ்வொன்றாக அணைக்கப்பட்டன.

கடலுக்கு இப்பால் நிலைமை என்ன? இங்கே விளக்குகளுக்குக் குறைவில்லை. ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு தொலைக்காட்சி இருந்தது. 2007இல் தொடங்கிய கலைஞர் தொலைக்காட்சி ஆளுங்கட்சியுடையது. ஜெயா தொலைக்காட்சி எதிர்க்கட்சியுடையது. மக்கள் தொலைக்காட்சி பா.ம.க.வினுடையது. சன் குழுமம் முதலமைச்சரின் உறவினருடையது. சிறிது காலம் பிணங்கியிருந்து 2008 டிசம்பரில் மீண்டும் இணங்கிய குடும்பம். நாளேடுகளிலும் இதே பாகப்பிரிவினைதான். ஜனவரி 29ஆம் நாள் சென்னை சாஸ்திரி பவன் வாயிலில் முத்துக்குமார் என்னும் இளைஞர் தீக்குளித்து மாண்டார். அவரும் பத்திரிகை அலுவலகம் ஒன்றில் பணியாற்றியவரே. அவர் விட்டுச் சென்ற நீண்ட கடிதம் நகலெடுக்கப்பட்டுக் கைக்குக் கை மாறி ஊரூராகச் சென்றது. பத்திரிகையில் வேலை பார்த்த ஒருவரின் கடைசி எழுத்து, பத்திரிகைகளைக் காட்டிலும் ஜெராக்ஸ் கடைகளை நம்பிப் பயணம் செய்தது என்பதை என்னவென்று சொல்வது!

ஏப்ரல் 27ஆம் நாள் அதிகாலையில் முதலமைச்சர் கருணாநிதி மெரினா கடற்கரையில் அண்ணா நினைவிடத்துக்குச் சென்று போர்நிறுத்தம் கோரி உண்ணாவிரதம் தொடங்கினார். கனரக ஆயுதங்களையும் வான்வழித் தாக்குதலையும் நிறுத்துவதாக இலங்கை அரசு அறிவித்தது என்ற செய்தி வந்ததும், நண்பகல் அளவில் உண்ணாவிரதம் முடிவுற்றது. ஆளுங்கட்சி சார்ந்த ஊடகங்கள் போர் நின்றுவிட்டது என்று கொண்டாடின. எதிர்க்கட்சி சார்ந்தவை, காலைச் சிற்றுண்டிக்கும் மதிய உணவுக்கும் இடைப்பட்ட நாடகம் என்று எள்ளின. கொழும்பின் அறிவிப்பில் 'போர்நிறுத்தம்' என்ற சொல் இல்லை என்பதை நிதானமாக எடுத்துச் சொல்ல வேண்டிய நாள் அது. சொன்னவர்கள் இருந்தார்கள், கேட்பார்தான் இல்லை. குண்டுவீச்சு தொடர்ந்தது. அதுபற்றிக் கேட்கப்பட்டபோது முதலமைச்சர், "மழை விட்டும் தூவானம் விடவில்லை" என்றார். அந்தப் பழமொழி அவரை வாழ்நாள் முழுவதும் துரத்திற்று.

மறுபுறத்தையும் மறைக்கக்கூடாது. ஜனவரியில், போர் என்றால் பொதுமக்களும் இறக்கத்தான் செய்வர் என்ற பொருள்படப் பேசிய ஜெயலலிதா அம்மையார், மார்ச்சில் உண்ணாவிரதம் இருந்து, ஏப்ரல் இறுதியில் தனி ஈழமே தீர்வு என்றார். அவருடைய தொலைக்காட்சி அதன்பிறகுதான் வன்னியின் காயங்களை நாள்தோறும் காட்டத் தொடங்கிற்று. காட்டப்பட்ட காயங்கள் மெய்யானவை. அவை காட்டப்பட்ட காலம் தேர்தல் காலம். மே 13ஆம் நாள் தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு. பார்த்த மக்கள் காயத்தைப் பார்ப்பார்களா, காலண்டரைப் பார்ப்பார்களா?

சிவகாசியை அறிந்தவர்களுக்கு ஒன்று தெரியும். தேர்தல் வந்தால் இரு கட்சிகளின் சுவரொட்டிகளும் ஒரே அச்சகத்தில் அடுத்தடுத்த எந்திரங்களில் ஓடும். மை ஒன்று, தாள் ஒன்று, தொழிலாளி ஒருவர். அதை எவரும் குறை கூறுவதில்லை, அது தொழில். ஆனால் இறந்த குழந்தையின் படமும் அவ்வாறே சுவரொட்டியாகி இரு சின்னங்களுக்கு இடையே ஒட்டப்படும்போது, அதனைக் கடந்து செல்பவர் படத்தைப் பார்க்கமாட்டார். கீழே எந்தச் சின்னம் என்றுதான் பார்ப்பார். அவ்வாண்டு நிகழ்ந்தது இதுவே.

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி மலைமலையாக நெய்யப்படுவதை நம் பகுதி மக்கள் அறிவர். கடலுக்கு அப்பால் புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் பள்ளிக்கூடங்களில் மருத்துவமனை நடத்திய மருத்துவர்கள், மருந்தும் கட்டுத்துணியும் இல்லை என்று தொலைபேசியில் கதறிக்கொண்டிருந்தனர். அவர்கள் தந்த எண்ணிக்கைதான் வெளியுலகுக்குக் கிடைத்த ஓரளவு நம்பத்தகுந்த கணக்கு. போர் முடிந்ததும் அவர்கள் கைது செய்யப்பட்டனர். 2009 ஜூலையில் கொழும்பில் செய்தியாளர்முன் நிறுத்தப்பட்டு, தாங்கள் கூறியவை மிகைப்படுத்தப்பட்டவை என்று கூறினர். பின்னாளில் அவர்களுள் ஒருவர் வெளிநாட்டிலிருந்து, அது நிர்ப்பந்தத்தால் சொல்லப்பட்டது என்றார்.

மே 16ஆம் நாள் வாக்குகள் எண்ணப்பட்டன. தமிழ்நாட்டின் 39 இடங்களில் தி.மு.க. – காங்கிரஸ் அணி 27ஐ வென்றது. ஈழப் பிரச்சினைக்காக ஆண்டுக்கணக்கில் குரல் கொடுத்து, அதன்பொருட்டுச் சிறை சென்ற வைகோ, நம் விருதுநகர்த் தொகுதியில் காங்கிரசின் மாணிக்கம் தாகூரிடம் 15,000க்கும் சற்று அதிகமான வாக்குகளில் தோற்றார். சுந்தரபாண்டியம் அடங்கிய ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சட்டமன்றத் தொகுதி தென்காசி நாடாளுமன்றத் தொகுதியைச் சேர்ந்தது; அங்கே எதிரணியின் இந்தியக் கம்யூனிஸ்ட் வேட்பாளர் பொ. லிங்கம் வென்றார். பக்கத்துப் பக்கத்துத் தொகுதிகளிலேயே இரண்டு விதமான தீர்ப்பு. உடனே ஏடுகள், "ஈழம் தமிழ்நாட்டு வாக்காளருக்கு ஒரு பொருட்டே அன்று" என்று எழுதின. இக்கூற்றை நாம் ஏற்கவில்லை. வாக்காளரின் நெஞ்சு கல்லாகிவிடவில்லை. எது செய்தி, எது பிரசாரம் என்று பிரித்தறிய அவருக்கு வழியில்லாமற் செய்துவிட்டு, பிரித்தறியவில்லை என்று அவர்மீதே பழிபோடுவது நியாயமா?

அதற்கு அடுத்த இரு நாள்களில் போர் முடிந்தது. பிரபாகரன் கொல்லப்பட்டார் என்ற செய்தி வந்தது. இதற்கு முன்னரும் 1989 ஜூலையில் அவர் கொல்லப்பட்டதாகப் பெரிய ஆங்கில நாளேடே எழுதியிருந்தது. சுனாமியை ஒட்டியும் அத்தகைய பேச்சு எழுந்து அடங்கியது. இம்முறை ஆம்புலன்ஸில் தப்பிச் செல்லும்போது சுடப்பட்டார் என்று முதலில் கூறினர்; மறுநாள் களப்பின் ஓரத்தில் உடல் கிடைத்தது என்றனர். சென்னையிலிருந்து வெளிவரும் ஒரு புலனாய்வு இதழ், அவர் தம் மரணச் செய்தியைத் தாமே தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருப்பது போன்ற படத்தை அட்டையில் வெளியிட்டது. இதழ் விற்றது. புலிகளின் சார்பில் பேசிய செல்வராசா பத்மநாதன் மே 24ஆம் நாள் மரணத்தை ஒப்புக்கொண்டார். அப்படியும் 2023 பிப்ரவரியில் தஞ்சாவூரில் பழ. நெடுமாறன், அவர் நலமுடன் இருக்கிறார் என்று அறிவித்தபோது, நம் டீக்கடைகளில் அதை முழுதாக மறுப்பவரையும் காணவில்லை. முழுதாக நம்புபவரையும் காணவில்லை. "இருந்தாலும் இருக்கும்" என்ற ஒரு சொல்லே எங்கும். ஒரு சமுதாயம் ஒரு மனிதரின் மரணத்தைக்கூட உறுதியாக அறிந்துகொள்ள இயலாத நிலைக்குத் தள்ளப்படுவது எவ்வளவு பெரிய கைசேதம்!

2011 ஏப்ரலில் ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த வல்லுநர் குழுவின் அறிக்கை வெளியாயிற்று. கடைசிக் கட்டப் போரில் 40,000 வரையிலான பொதுமக்கள் இறந்திருக்கக்கூடும் என்றது அது. பொதுமக்களைக் கேடயமாகப் பிடித்து வைத்திருந்ததையும், தப்பியோட முயன்றவர்களைச் சுட்டதையும் புலிகள்மீது குற்றமாகச் சாட்டிற்று. நம் ஏடுகளில் சில முதற்பகுதியைப் பெரிதாக வெளியிட்டு இரண்டாம் பகுதியை விழுங்கின; வேறு சில, இரண்டாம் பகுதியைப் பெரிதாக்கி முதற்பகுதியை ஓரத்தில் ஒதுக்கின. ஒரே அறிக்கை இரண்டாகக் கிழிந்து இரு வீடுகளுக்குச் சென்றது.

முகாமில் வாழும் பெரியவர் ஒருவரை நான் அறிவேன். அக்காலத்தில் அவர் தமிழ்நாட்டுத் தொலைக்காட்சி எதையும் நம்பியதில்லை. இரவு ஒன்பதே காலுக்கு பி.பி.சி. தமிழோசையை மட்டும் காதோடு வைத்துக் கேட்பார். காரணம் கேட்டேன். "தம்பி, மற்றவர்கள் 'தமிழர்கள்' என்று சொல்வார்கள். அவர்கள் ஊர்ப்பெயர் சொல்வார்கள். இரணைப்பாலை என்றால் என் தங்கை. வலைஞர்மடம் என்றால் என் மச்சான். ஊர் தெரிந்தால் அழலாமா கூடாதா என்று தெரியும்" என்றார். நம்பகத்தன்மை குறித்து நான் கேட்ட விளக்கங்களில் இதற்கு நிகரானது வேறில்லை. அந்த வானொலிச் சேவையும் 2017 ஏப்ரலோடு நின்றுவிட்டது.

இனிச் சொல்லப்போவது நம் சமுதாயத்துக்கு நெருக்கமானது. இதை எழுதும்போது பேனா தயங்குகிறது.

1990 ஆகஸ்ட் 3ஆம் நாள், காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றிருந்தவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்டோர் ஷஹீதாயினர். அவர்களுள் சிறுவர்களும் இருந்தனர். அதே ஆண்டு அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அக்டோபர் 30ஆம் நாள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் ஒஸ்மானியாக் கல்லூரித் திடலுக்கு அழைக்கப்பட்டு, இரண்டு மணி நேரத்தில் ஊரைவிட்டுச் செல்லுமாறு கட்டளையிடப்பட்டனர். வடக்கு முழுவதிலுமிருந்து சென்றோர் ஏறத்தாழ 75,000 பேர் என்பர். தமிழையே தாய்மொழியாகக் கொண்ட அம்மக்கள் புத்தளத்தின் ஓலைக் கொட்டகைகளில் தலைமுறை ஒன்றைக் கழித்தனர். இன்றும் நம் ஊர்களில் ஈழத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேச வல்லவர் பலர், இந்நிகழ்ச்சியைச் சொன்னால் திகைத்துப் பார்க்கின்றனர். "எந்தப் பேப்பரில் போட்டிருந்தது?" என்கின்றனர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. தமிழ்நாட்டு மேடைகளுக்கு இச்செய்தி இரு தரப்புக்கும் உதவாத செய்தி. புலிகளை ஆதரித்தோருக்கு அது இடையூறு. எதிர்த்தோருக்கு முஸ்லிம்களின் துயரம் அவ்வளவு முக்கியமன்று. ஆதரிப்பவர் எவருமில்லாத துயரம் அச்சேறுவதில்லை.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2002 ஏப்ரல் 10ஆம் நாள் கிளிநொச்சியில் பிரபாகரன் செய்தியாளர்களைச் சந்தித்தார். உலகெங்கிலுமிருந்து நூற்றுக்கணக்கான நிருபர்கள் கூடியிருந்த அவ்விடத்தில் இவ்வெளியேற்றம் பற்றிய கேள்வி எழுந்தது. அன்ரன் பாலசிங்கம் அதற்கு வருத்தம் தெரிவித்தார். நிருபர் ஒருவர் எழுந்து நின்று கேட்ட ஒரு கேள்வி, பன்னிரண்டு ஆண்டு மவுனத்தை அசைத்தது. பத்திரிகைத் தொழிலின் மேன்மை அதுவே.

இதைச் சொல்லும் நாம் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். காத்தான்குடிப் படுகொலைக்குப் பின் பத்து நாள்கூட ஆகாத நிலையில், ஆகஸ்ட் 12ஆம் நாள் அம்பாறை மாவட்டம் வீரமுனையில் கோவிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழ் மக்கள் கொல்லப்பட்டனர். அதில் முஸ்லிம் ஊர்காவல் படையினருக்குப் பங்கு இருந்ததாக உயிர் தப்பியவர்கள் சாட்சியம் கூறியுள்ளனர். நம் சமுதாய ஏடுகளில் காத்தான்குடி ஆண்டுதோறும் நினைவுகூரப்படுகிறது, அது கடமையே. வீரமுனையின் பெயரைக் கேள்விப்பட்ட நம் வாசகர் எத்தனை பேர்? 'எங்களுடைய துயரத்தைத் தமிழ் ஏடுகள் மறைத்துவிட்டன' என்று கூறும் உரிமை, பிறர் துயரத்தை அச்சிடும் ஏட்டுக்கே முழுமையாக உண்டு.

அச்சிட்டவர்களும் அந்நாட்டில் இருந்தனர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சில ஆசிரியர்கள், மனித உரிமைக்கான பல்கலைக்கழக ஆசிரியர் அமைப்பு என்ற பெயரில், இலங்கைப் படை செய்ததையும் இந்தியப் படை செய்ததையும் இயக்கங்கள் செய்ததையும் ஒரே பேனாவால் எழுதினர். அவர்களுள் ஒருவரான மருத்துவப் பேராசிரியை ரஜனி திரணகம, 1989 செப்டம்பர் 21ஆம் நாள் பணிமுடித்துச் சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக்கொல்லப்பட்டார். வயது 35. சுட்டவர்கள் புலிகளே என்பது அவருடைய சகாக்களின் உறுதியான கூற்று. லசந்தவைப் போலவே இவரையும் எல்லாத் தரப்பாரும் எதிர்த் தரப்பின் ஆள் என்றே கருதினர். எழுத்தாளர் நடுவே நிற்கிறார் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி தேவையில்லை.

அப்படியானால் கட்சி சார்ந்தவர் பத்திரிகையே நடத்தக்கூடாதா என்று கேட்கலாம். நாம் அவ்வாறு கூறவில்லை. கட்சி ஏடுகள் இல்லாவிட்டால் தமிழ்நாட்டின் அரசியல் வரலாறே இல்லை. செய்தி கொண்டுவருபவரைத் தீர விசாரித்துக் கொள்ளுமாறு 'ஹுஜுராத்' அத்தியாயம் நமக்குக் கட்டளையிடுகிறது. அக்கட்டளையிலிருந்து பிறந்ததே அறிவிப்பாளர்களை எடைபோடும் மாபெரும் கலை. அதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இம்ரான் இப்னு ஹித்தான் என்ற கவிஞர் காரிஜிய்யாக் கூட்டத்தைச் சேர்ந்தவர். ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்களைப் பகைத்த கட்சி அது. அவர் வழியாக வந்த அறிவிப்பு இமாம் புகாரி (ரஹ்) அவர்களின் தொகுப்பில் இடம்பெற்றிருக்கிறது. அவருடைய கட்சியை அறிஞர்கள் அறியாமல் இல்லை. அவர் பொய் சொல்லமாட்டார் என்பதையும் அறிந்திருந்தனர். 'இவர் எந்தக் கட்சி?' என்று கேட்டுவிட்டு அத்தோடு அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. 'யாரிடம் கேட்டார், நேரில் கேட்டாரா, நினைவாற்றல் எப்படி?' என்று தொடர்ந்தனர். நம் டீக்கடை விசாரணை முதற் கேள்வியோடு நின்றுவிடுகிறது. பேப்பரின் பெயரைக் கேட்பதோடு, அந்த நிருபர் அங்கே சென்றாரா, யார் சொல்லி எழுதினார் என்று ஒருவரேனும் கேட்டால், ஏடுகளும் அதை எழுதத் தொடங்கும்.

போர் முடிந்தால் இந்நோயும் முடியும் என்று எண்ணிவிடலாகாது. போர்க்காலத்தில் ஒரு தரப்புக்கு மட்டும் எழுதிப் பழகிய பேனா, போருக்குப் பின் புதிய எதிரியைத் தேடும். இலங்கையில் 2019 மே மாதம், ஈஸ்டர் குண்டுவெடிப்பின் ரணம் ஆறுமுன்னர், ஒரு சிங்கள நாளேடு முதற்பக்கத்தில் பெரிய செய்தி ஒன்றை வெளியிட்டது: முஸ்லிம் மருத்துவர் ஒருவர் 4,000 பவுத்தத் தாய்மார்களுக்கு இரகசியமாகக் கருத்தடை செய்துவிட்டாராம். குருநாகல் மருத்துவமனையைச் சேர்ந்த ஒரு மருத்துவர் மறுநாளே கைது செய்யப்பட்டார். சான்று எதுவும் இல்லை என்று குற்றப் புலனாய்வுத் துறையே நீதிமன்றத்தில் கூறிற்று. அவர் இரண்டு மாதம் சிறையிலிருந்து பிணையில் வந்தார். பிற்பாடு நிலுவைச் சம்பளம் கைக்கு வந்தபோது, நாடு மருந்துப் பஞ்சத்தில் தவித்த நேரம். அத்தொகையை மருந்து வாங்குவதற்கே கொடுத்துவிட்டார்.

நம் நாட்டில் 2025 மே மாதம் நான்கு நாள் சண்டை நடந்தது. கராச்சித் துறைமுகம் தகர்க்கப்பட்டது என்று வடநாட்டுத் தொலைக்காட்சிகள் பல ஓர் இரவு முழுவதும் முழங்கின. விடிந்தபோது கராச்சி இருந்த இடத்திலேயே இருந்தது. அதைச் சிரித்துக் கடந்துவிடலாம்; கடக்க முடியாதது வேறொன்று. மே 7ஆம் நாள் எல்லையோரப் பூஞ்ச் நகரில் பாகிஸ்தானின் பீரங்கிக் குண்டுகள் விழுந்து, இந்துக்களும் முஸ்லிம்களும் சீக்கியர்களுமாகப் பொதுமக்கள் பலர் மாண்டனர். அவர்களுள் ஒருவர் மதரஸா ஆசிரியர். தாடியும் தொப்பியுமாக இருந்த அவருடைய படத்தைத் திரையில் காட்டி, இந்தியப் படை தாக்கியதில் கொல்லப்பட்ட பயங்கரவாதி இவர் என்று சில தொலைக்காட்சிகள் அறிவித்தன. குண்டு எந்தத் திசையிலிருந்து வந்தது என்றுகூட விசாரிக்கவில்லை. பூஞ்ச் காவல்துறை உடனே மறுத்தது. இறந்தவர் அனைவராலும் மதிக்கப்பட்ட மார்க்க ஆசிரியர் என்றும், பயங்கரவாதத்தோடு அவருக்கு எத்தொடர்பும் இல்லை என்றும் அறிக்கை வெளியிட்டது. வழக்கறிஞர் ஒருவர் நீதிமன்றம் சென்றார். அத்தொலைக்காட்சிகள்மீது வழக்குப் பதிவு செய்யுமாறு பூஞ்ச் நீதிமன்றம் ஜூன் 28ஆம் நாள் உத்தரவிட்டது. அந்த ஆசிரியர் இறந்து அன்றோடு 52 நாள்கள் ஆகியிருந்தன.